காலரின் உட்புறம்

நாலரைக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் துலக்கினான். பாலைச் சுடவைத்து, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சோபாவில் கிடந்த போர்வையை மடித்தான். ஆறு மாதமாக அவன் படுக்கையறையில் படுப்பதில்லை. கதவைப் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்து, படியிறங்கி நடந்தான். பதினெட்டு நிமிட நடை. கிளப் வாசலில் வாட்ச்மேன் தலையாட்டினார். இவனும் ஆட்டினான். மைதானத்தின் மேற்குப் பக்க ஸ்டாண்டுக்குக் கீழே, சாய்ந்த கூரையும் ஒற்றை ஜன்னலுமாக ஓர் அறை. மூன்று வாஷிங் மெஷின், இரண்டு டிரையர், எண்களை ஒட்டுவதற்கு ஒரு ஹீட் பிரஸ். கூடையில் கிடந்த ஜெர்சிகளை ஒவ்வொன்றாக உள்வெளியாகத் திருப்பினான். திருப்பாமல் போட்டால் முதுகிலுள்ள எண்கள் வெடித்துவிடும். சாக்ஸில் காய்ந்திருந்த சேற்றை உதறினான். முப்பது டிகிரிக்கு மேல் போகக் கூடாது. முதல் மெஷினை ஓடவிட்டான்.

பிறகு ஹீட் பிரஸ்ஸின் சுவிட்சைப் போட்டுவிட்டு, மேட்ச் ஜெர்சிகளின் காலரைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு காலரின் உட்புறத்திலும், பிடரியில் படும் இடத்தில், வெள்ளை எழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன. ‘கீழே போகக் கூடாது.’ நாலைந்து சலவைக்கு அது தாங்கும். அதற்குப் பிறகு ஓரம் தூக்கிக்கொள்ளும். முதலில் உதிர்வது எப்போதும் கடைசிச் சொல்தான். அப்படி உதிர்ந்தவற்றைச் சுரண்டியெடுத்து, புதிய எழுத்தை வைத்து, நூற்றைம்பது டிகிரியில் பதினைந்து விநாடி அழுத்த வேண்டும். வாரம் தவறாமல் இதைச் செய்துவந்தான். இது கடைசி வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு சீசன் முடிகிறது.

அவன் கல்லூரியில் வேதியியல் படித்தவன். எந்தக் கறைக்கு எது என்று கேட்டால் பதில் வைத்திருப்பான். அதனால் கிளப்பில் அவன் பெயர் சோப்பு. சின்ன வீரர்களுக்குச் சோப்பண்ணே. கேப்டனுக்கு மட்டும், வயதில் மூத்தவர் என்பதால், வெறும் சோப்பு. அவன் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். கால்பந்து என்றால் அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு மேட்ச் பார்க்க வந்தாள். "பதினோரு பேர் புரண்டு அழுக்காக்கறதுக்குப் பட்டம் படிச்ச ஒருத்தன் துவைக்கணுமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் வரவே இல்லை.

நாட்டின் முதல் டிவிஷன் லீகில் பதினெட்டு அணிகள். ஆளுக்கு முப்பத்து நாலு ஆட்டம். சீசன் முடிவில் கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட வேண்டும். பத்து ஆட்டம் முடிந்தபோது இவர்கள் பதினெட்டாவது இடத்தில் இருந்தார்கள். பதினோராவது ஆட்டம் வெளியூரில். வீரர்கள் பத்து மணிக்குச் சொகுசுப் பேருந்தில் கிளம்புவார்கள். ஜெர்சிக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் விடியுமுன்பே வேனில் பெட்டிகளை ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய், வீரர்கள் உள்ளே நுழையும்போது அவரவர் கொக்கியில் அவரவர் ஜெர்சி தொங்குகிற மாதிரி எல்லாம் செய்து வைத்திருக்க வேண்டும். அன்றும் அப்படித்தான் போனான். எட்டாம் எண்வரை மாட்டியிருந்தபோது போன் வந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து அவளைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மேல்வீட்டுக்காரர் சாவி வைத்துத் திறந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உயிர் இல்லை என்றார்கள். போனைப் பையில் வைத்தான். ஒன்பதாம் எண்ணை மாட்டினான். பத்தை மாட்டினான். பதினெட்டையும் மாட்டி, சாக்ஸை மடித்து வைத்து, ஷூக்களை ஜோடி சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கீழே உட்கார்ந்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மட்டும், "யாராவது பக்கத்துல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். கேப்டன் ஷூ எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"என்னப்பா, அதுக்குள்ள வந்துட்ட?"

"வீட்ல இருந்து என்ன பண்றதுண்ணே."

கேப்டன் முப்பத்து நாலு வயதுக்காரர். இரண்டு முழங்காலிலும் தையல். இது கடைசி சீசன் என்று அவருக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும். டிரையரின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "தங்கச்சி கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சா?"

அவன் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் சொன்னது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் புள்ளிப் பட்டியல் ஒட்டியிருந்தது. கண் அதன்மேல் போய் நின்றது.

"இந்த வருஷம் நம்ம பசங்க கீழ போகக் கூடாதுன்னு சொன்னா."

கேப்டன் டிரையரிலிருந்து கையை எடுத்தார். அவன் தோளை அழுத்திப் பிடித்தார். வந்த வேலையை மறந்து, ஷூவை எடுக்காமலேயே போய்விட்டார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குக் கீழே போவது என்றால் என்னவென்றே தெரியாது. அவள் சொன்னது வேறு. அதைத் தன்னோடேயே வைத்துக்கொள்ளலாம், கேப்டனுக்குச் சொன்னது இந்த அறையோடு போய்விடும் என்று நினைத்தான். அந்த வாரமே கேப்டன் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாருக்கும் சொன்னார். அன்று ஜெயித்தார்கள். அடுத்ததும் ஜெயித்தார்கள். மூன்றாவது வெற்றிக்குப் பிறகு கேப்டன் டிவியில் கண் கலங்கச் சொன்னார். ரசிகர்கள் அதைப் பேனராக எழுதி கோலுக்குப் பின்னால் கட்டினார்கள். வீரர்கள் ஒன்றாக வந்து, அதைக் காலருக்குள் ஒட்டித் தரச் சொன்னார்கள். அவன் ஒட்டித் தந்தான்.

டிவியில் வந்த அன்று மாமியார் போன் செய்தாள். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

"மாப்ளே, என் பொண்ணு கடைசியா என்னமோ சொன்னாளாமே. ஊரே சொல்லுது. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை."

"எத்தனை மணிக்குச் சொன்னா?"

"நாலே முக்கால்."

நேரம் மட்டும் உண்மை. "அவளுக்குப் பந்துன்னாலே ஆகாதே," என்றாள் அத்தை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிடித்துவிட்டாள் என்று நினைத்தான். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவளே தொடர்ந்தாள். "டீம் இறங்கிட்டா ஆளைக் குறைப்பாங்களாம். உங்க வேலை போயிடுமேன்னு சொல்லியிருக்கா. பாருங்க, கடைசி மூச்சுலயும் உங்க நெனப்பு." அவள் அழுதாள். மகள் இறந்த அன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை. அவன் போனைக் காதில் வைத்தபடி நின்றான். அந்த நேரத்தில் அதை மறுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் போன் வரும். அறுபதை நெருங்கும் வயதில் அத்தை கால்பந்து கற்றுக்கொண்டாள். புள்ளிப் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். "ஆஃப்சைடுன்னா என்ன மாப்ளே? ஒருத்தன் முன்னாடி போய் நிக்கறது ஒரு குத்தமா?" என்று ஒருநாள் கேட்டாள். விளக்கினான். "ஓ, கியூல நடுவுல பூர்றவன் மாதிரி," என்றாள். "அப்போ குத்தந்தான்." தோற்ற நாட்களில் கோச்சைத் திட்டினாள். ஜெயித்த நாட்களில், "அவளுக்குத் தெரியும் மாப்ளே, எங்கயோ இருந்து பாத்துட்டுதான் இருப்பா," என்றாள். அந்த நாட்களில் அவன் சோபாவில் உட்கார்ந்து, விளக்குப் போடாமல், இருட்டும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பசிக்காது. தூக்கமும் வராது. அழுகையாவது வருமா என்று பார்த்தான். அதுவும் இல்லை.

சீசனின் நடுவில் வெற்றி ஓட்டம் நின்றுவிட்டது. ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. மூன்று டிரா. வெயில் ஏறியதும் பிளாஸ்டிக் எழுத்து பிடரியை அறுத்தது. கோல்கீப்பர் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தான். "சோப்பண்ணே, எரியுதுண்ணே. அண்ணி சொன்னதைக் கொஞ்சம் பொடி எழுத்துல போடக் கூடாதா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இருக்கட்டும், எரியட்டும்." இவன், "சின்னதாப் போடறேன்," என்றான். சின்னதாகப் போட்டான்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், மதியம் மூன்று மணிக்கு. டிரா செய்தாலே போதும், பதினாறாவது இடத்தில் தப்பித்துவிடலாம். அத்தை முதன்முறையாக மைதானத்துக்கு வந்தாள். வாசலில் விற்ற அணிக் கலர் துண்டு ஒன்றை வாங்கி, பழக்கமில்லாமல், சால்வை மாதிரி போர்த்திக்கொண்டிருந்தாள். அவளை உட்காரவைத்துவிட்டு அவன் பெஞ்சுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் போய் நின்றான். எண்பத்தாறு நிமிடம்வரை கோல் இல்லை. எண்பத்தேழில் எதிரணிக்கு ஒரு கார்னர். யாரும் பெரிதாக எம்பவில்லை. கோல்கீப்பர் வெளியே வரலாமா வேண்டாமா என்று அரை விநாடி யோசித்தான். பந்து கேப்டனின் தொடையில் பட்டு, அவசரமே இல்லாமல், உள்ளே உருண்டது. அவ்வளவுதான்.

டிரெஸ்ஸிங் ரூமில் ஷவர் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கூடையைத் தள்ளிக்கொண்டு போனான். மற்றவர்கள் எப்போதும்போலத் தரையில் போட்டிருந்தார்கள். கேப்டன் ஜெர்சியைக் கழற்றி, மடித்து, அவன் கையில் கொடுத்தார்.

"தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"விடுங்கண்ணே."

"என் கால்லதான்பா பட்டுச்சு."

இப்போதாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கேப்டன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

சலவை அறையில் அத்தை இருந்தாள். வாட்ச்மேனிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"இங்கதான் துவைப்பீங்களா?"

"ஆமா அத்தை."

"காத்தே இல்லையே." கொஞ்ச நேரம் மெஷின்களைப் பார்த்தாள். "கோல்கீப்பர் வெளிய வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்."

அவன் ஜெர்சிகளைத் திருப்ப ஆரம்பித்தான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அத்தை பேசியது அவனைப் பார்த்து அல்ல, கூடையைப் பார்த்து.

"சின்ன வயசுலேர்ந்தே எதையும் கேக்க மாட்டா. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டறதைப் பாத்துக்கிட்டே நிப்பா. உனக்கும் வேணுமாடின்னா, வேணாம்மா, நடந்தே போறேன்னு சொல்லுவா. கல்யாணத்துக்குப் பொடவை எடுக்கப் போனப்பகூட, எதுவா இருந்தாலும் சரிம்மான்னா. முப்பது வருஷத்துல அவ வாய் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு." துண்டின் ஓரத்தை விரலால் நீவினாள். "அதையும் நம்மால செஞ்சு குடுக்க முடியல மாப்ளே."

அவன் கை நின்றது. மெஷின் கதவு திறந்திருந்தது. அத்தை அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவன் சும்மா இருந்திருப்பான். அவள் தோள் இரண்டும் இறங்கிக் கிடந்தன. இருபது வாரமாக அவளைத் தூக்கி நிறுத்தியிருந்ததை யாரோ உருவியெடுத்துவிட்ட மாதிரி இருந்தாள். அந்தப் பாரம் அவளுடையதே அல்ல. அவன்தான் அதை அவள்மேல் ஏற்றி வைத்தவன். இறக்கிவைக்க வேண்டியவனும் அவன்தான். இறக்கினால் அதைவிடக் கனமானதை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

"அத்தை, அவ அதைக் கேக்கல."

"எதை?"

"கீழ போகக் கூடாதுன்னு. அவ சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அத்தை தலையை உயர்த்தினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கோபப்படவில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பவள் மாதிரி, முகத்தில் எதுவும் காட்டாமல், அவனையே பார்த்தாள்.

"அப்போ என்ன சொன்னா?"

அவன் ஜெர்சியைக் கூடையில் போட்டான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அன்று வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னான். வேன் சாவியை வாயில் கவ்வியிருந்ததைச் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பின்னால் நின்றதையும், தான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், போயிட்டு வந்துடறேன் என்று கதவைச் சாத்தியதையும் சொன்னான். அதன் பிறகு, அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உன் பசங்க யாரும் இன்னும் எந்திரிச்சிருக்கவே மாட்டாங்க. கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காந்துட்டுப் போயேன்."