ஹாலில் ஒரு பாம்புத்தலைக்காரி

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் புது வீடுகளின் தரையில் ரோமானியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எழுதக் கிளம்பினேன். ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. பூஜையறை வாசலில் முறுக்குக் கயிறு போல ஓடும் பார்டர், போர்டிகோவில் அலை அலையாகச் சுருளும் கோடு, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்தவை, இங்கே குஜராத்திலிருந்து அட்டைப்பெட்டியில் டைல்ஸாக வந்து இறங்குகின்றன. வீடு வீடாகப் படம் எடுத்தேன். தீர்த்தகிரியின் வீட்டோடு கட்டுரை நின்றுபோனது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "யாழினி பாயை விலக்கியபோது பொன்னிற வெளிச்சம் அந்த முகத்தின் மேல்..." வேண்டாம். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.)

2

தீர்த்தகிரி என் நண்பர், லாரி வைத்திருப்பவர். அன்று லோடுடன் நாக்பூர் பக்கம் போயிருந்தார். அவர் மனைவி யாழினிதான் ஹால் நடுவில் கிடந்த பாயை விலக்கிக் காட்டினாள். வட்டத்துக்குள் ஒரு பெண்முகம். கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில் பாம்புகள். கிரேக்கக் கதையில் வரும் மெதூசா. ரோமானியர்கள் தரையில் விரும்பிப் பதித்த முகம்.

"நாந்தானுங்க சேலத்துக் கடையில எடுத்தேன். பாவமாப் பாக்கறாளேன்னு புடிச்சுப்போச்சு" என்றாள்.

குடிவந்த சில மாதங்களில் அவள் கரு கலைந்தது. அடுத்ததும் தங்கவில்லை. சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். மாமியார் பாப்பாயி பாயைப் போட்டு மூடினார்.

(இந்த இடத்தில் யாழினியை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. பத்தியை அடித்துவிட்டேன்.)

3

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே பாப்பாயி ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேஸ்திரியின் கையில் சுத்தியும் உளியும். யாழினியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கணவனுக்கு போன் போட்டாள். லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் எனக்கும் கேட்டது: "அம்மா சொல்றபடி உட்டுரு யாழினி. ஒரு கல்லுக்குப் போயி சண்டையா?"

போனை வைத்துவிட்டு அவள் அந்த முகத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லுக்கு இல்லீங்க அத்தை. இதை ஒடைச்சா, நான் வாங்கியாந்ததுதான் புள்ளைகளைக் கொன்னுதுன்னு ஆயிருமுங்க."

பாப்பாயி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க படிச்சவங்க. இவ எந்த ஊரு சாமிங்க?"

சாமியில்லை, கெட்டது வீட்டுக்குள் வராமல் இருக்க ரோமாபுரியில் இந்த முகத்தைத் தரையில் வைப்பார்கள் என்றேன். (அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் பார்த்தேன்.)

"மீதியவும் சொல்லுங்க. நான் போன்ல படிச்சுட்டேன்" என்றாள் யாழினி.

சொன்னேன். இந்தப் பாம்புத்தலைக்காரி தூங்கும்போது ஒரு வீரன் வந்து தலையை வெட்டினான். அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள்.

"மாசமா இருந்தவளையா?" என்றார் பாப்பாயி.

"ஆமாங்க."

"வெட்டுனவனை என்ன பண்ணுனாங்க?"

"ஒன்னும் பண்ணலைங்க. ராஜாவாயிட்டான்."

பாப்பாயி சோபாவில் உட்கார்ந்தார். பிறகு யாழினியைப் பார்க்காமலே சொன்னார்:

"தீர்த்தகிரிக்கு முந்தி எனக்கும் ரெண்டு தங்கலை சாமி. அப்ப ஊட்டுல சாணி மொழுகுன தரைதான்."

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுவது ஒன்று. மெதூசாவுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது இன்னொன்று, பத்திரிகைகளுக்கு அது பிடிக்கும். மூன்றாவதில் உளி இறங்குகிறது.

நடந்தது இதுதான். மேஸ்திரி பொறுமையிழந்து, "ஒடைக்கறதுங்களா, வேண்டாமுங்களா? எனக்கு வேற வேலை கெடக்குதுங்க" என்றார்.

"என்னைய எதுக்குக் கேக்கற? அவளைக் கேளு. அவ ஊடு" என்றார் பாப்பாயி.

யாழினி எழுந்து மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். எனக்குக் கேட்டது. எழுதமாட்டேன். அந்த வீட்டில் முதல்முறையாக அவளிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு நான் பதில் சொல்வது முறையில்லை. நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள்.