மேஜருக்குப் பொருத்திய ஜோடி

கர்னல் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. சீருடை தைக்கும் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் பொத்தான் எண்ணிக் கொடுத்தவர். ஆனால் மீசை இருந்தது, விறைப்பான நடை இருந்தது. ஓய்வு பெற்ற அன்று ஸ்டோரிலிருந்து எப்படியோ கூடவே வந்துவிட்ட ஒரு தொப்பியும் இருந்தது. தெருவில் எவனோ கிண்டலுக்கு வைத்த பேர்தான் கர்னல். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே வாசலில் பித்தளைப் பலகை ஏறிவிட்டது. பிறகு நாய் வாங்கியபோது அதற்கு மேஜர் என்று பேர் வைத்தார். தனக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்.

மேஜர் ஒரு கறுப்பு டாபர்மேன். நாய்க் கண்காட்சியில் இரண்டு முறை இரண்டாவது கோப்பை வாங்கியது. கோப்பைகளுக்குத் தினமும் துடைப்பு, பாலிஷ் எல்லாம் கர்னல் செய்வார். நாயைக் குளிப்பாட்டுவது, சோறு வைப்பது, கழிந்தால் அள்ளுவது எல்லாம் அவர் மனைவி. வேலைப் பங்கீட்டில் அவர் கறாரானவர்.

போன வருடம் மேஜருடைய விதை ஒன்றில் கட்டி வந்தது. கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்தால்தான் பிழைக்கும் என்றாள்.

"ஒண்ணையாவது விட்டு வைக்கக் கூடாதா டாக்டர்?"

"சார், உங்களுக்கு நாய் வேணுமா, அது வேணுமா?"

கர்னல் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையை அவர் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

எடுத்தார்கள். மூன்றாம் நாள் மேஜர் பூனையைத் துரத்தியது. கர்னல்தான் படுத்த படுக்கையானார். பத்து நாள் சவரம் இல்லை. அதன் பிறகும் நாயைப் பின்சந்து வழியாகத்தான் கூட்டிப் போனார். எதிரே ஆள் வந்தால் நாயைச் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தி, அதன் பின்புறத்தைத் தன் காலால் மறைத்துக்கொள்வார். அந்த உறுப்பின் பேர் அவர் வாயில் வராது. 'கௌரவம்' என்பார்.

"மேஜரோட கௌரவம் போயிருச்சேம்மா."

"அதுக்குத் தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்பாள் மனைவி.

இந்த நிலையில்தான், காயடித்த நாய்க்கு சிலிகானில் பொய் விதை செய்து உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று அவர் போனில் படித்துவிட்டார். அன்றைக்கே சவரம் செய்துகொண்டார்.

டாக்டர் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். நகைக்கடைத் தட்டு மாதிரி நீல வெல்வெட். அதில் ஜோடி ஜோடியாக நான்கு அளவு. கூட வந்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, மூணா வாங்கிக்குங்க. ஒண்ணு ஸ்டெப்னிக்கு" என்றான்.

"சும்மா இருடா" என்றாள் அவன் அக்கா.

"நாய்க்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல சார்" என்றாள் டாக்டர். "உங்க மனசுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்கெல்லாம் இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. மேஜரின் பழைய அளவு இரண்டாவது வரிசை என்று காட்டினாள். கர்னலின் விரல் இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, கடைசியில் போய் நின்றது. கத்தரிக்காய் பொறுக்குகிறவர் போல ஒன்றை எடுத்து உருட்டினார், அழுத்தினார், காதருகே வைத்து ஆட்டினார். பிறகு மனைவியின் கையில் திணித்தார்.

"நீயும் அமுக்கிப் பாரு. அசல் மாதிரியே இல்ல?"

வாங்காமல் இருந்திருக்கலாம். கை நீட்டிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. வழவழவென்று, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல், உரித்த கண்முழி மாதிரி அது உள்ளங்கையில் உட்கார்ந்தது. அன்று மாலை அவள் மாவு பிசையவில்லை. ஏழு முறை கை கழுவியும் விரல் நுனியில் அந்த மெத்தென்ற உணர்வு போகவில்லை.

"பெருசு வச்சா தோல் இழுக்கும். தையல் தாங்காது" என்றாள் டாக்டர்.

"ரெண்டு கோப்பை வாங்கின நாய் டாக்டர். அதுக்கேத்த மரியாதை வேணாமா?"

கடைசியில் மூன்றாவது வரிசையில் சமாதானமானார்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ அன்றைக்கே கூட்டி வர வேண்டும், ரத்தத்தில் கலந்தால் நாய் தங்காது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னாள். கண்காட்சிக்குக் கொண்டு போகக் கூடாது, அது ஏமாற்று என்றும் சொன்னாள்.

"சேச்சே" என்றார் கர்னல். விண்ணப்பப் படிவம் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது.

போனதைக் கவனிக்காத மேஜர், வந்ததை ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தது. உட்காரப் போய், எதன் மீதோ உட்கார்ந்துவிட்டது போலத் துள்ளி எழுந்தது. கால் அகட்டி நடந்தது. அந்த நடையைத் தெருக்கோடி வரை எல்லோருக்கும் காட்ட கர்னல் அதை முன்தெரு வழியாகவே கூட்டிப் போனார். பல் டாக்டர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். போன இரண்டு முறையும் முதல் கோப்பை வாங்கியது பல் டாக்டரின் நாய்.

மூன்றாவது வாரம் தையல் ஓரம் சிவந்தது. ஒரு பக்கம் மட்டும் பெருத்தது. துணியால் துடைக்கப் போன மனைவிக்கு, குளிர்சாதனப் பெட்டியில் மறந்து போன இறைச்சியின் வாடை அடித்தது.

"என்னங்க, வீங்குது. டாக்டர்கிட்ட போகணும்."

"வீக்கமா? செட் ஆகுதும்மா. நாலாவது சைஸே வச்சிருக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்." அவர் குனிந்து, ரசித்துப் பார்த்தார். "பார்த்தியா, தானா வளருது!"

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அது முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி என்று வாக்குக் கொடுத்தார். சனிக்கிழமை மேஜர் சாப்பிட்டது. சரி, ஒரு நாள்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை அது தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கு சுட்டது. தம்பியை வண்டியோடு வரச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனவள் அப்படியே நின்றாள். கர்னல் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாயின் பின்னங்கால்களுக்கு நடுவே, சிவந்து வெடித்திருந்த இடத்தில் கறுப்பு ஷூ பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தார். நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. பாலிஷும் சீழும் குழம்பிப் பிரஷ் மயிரில் தார் மாதிரி அப்பியிருந்தது.

"அது என் பல் தேய்க்கிற பிரஷ்."

"பழசுன்னு நினைச்சேன்."

அவள் பிரஷைப் பிடுங்கி எறிந்தாள். "இப்பவே ஆஸ்பத்திரி. கிளம்புங்க."

"ஆஸ்பத்திரி போற வழியிலதானே மைதானம்? பத்தே நிமிஷம்" என்றார், தொப்பியை எடுத்துக்கொண்டு.

மைதானத்தில் ஆண் நாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவர் கனத்த மனிதர். விரலில் கல் மோதிரம், கோட்டில் பூ, கழுத்தில் மைக். ஒவ்வொரு நாயின் பல்லையும் பார்ப்பார். பிறகு பின்பக்கம் போய்க் கையை உள்ளே கொடுத்து, இரண்டும் இருக்கிறதா என்று எண்ணுவார். அதுதான் விதி. ஒன்று குறைந்தாலும் நாய் வெளியே. எண்ணும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார், வீணையைத் தொட்டுச் சுதி பார்க்கிறவர் மாதிரி. பல் டாக்டரின் நாய்க்கு மூன்று விநாடி மூடினார். மேஜருக்கு மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஆகா!" என்றார் மைக்கில். "எட்டு வயதில் இப்படி ஒரு திண்மை! இளம் வளர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும். இது பரம்பரை. இதைச் செய்து வைக்க முடியாது!"

கர்னல் சல்யூட் அடித்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அக்கா நாயின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, விடுங்க! அதுக்கு வலிக்குது!" என்று கத்தினாள்.

நடுவருக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு விளக்கிக் காட்ட இன்னொரு முறை, இந்தத் தடவை நன்றாக, அழுத்தினார்.

தையல் விட்டது. ஈரத்துணி கிழிகிற சத்தம் மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது. பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியான சீழ் மோதிரத்தின் மேல் வழிந்து, கையைத் தாண்டிக் கோட்டுக்குள் இறங்கியது. உள்ளங்கையில், பாலிஷ் கறுப்பு பூசிய ஒரு வெள்ளை உருண்டை மெல்ல ஆடி நின்றது. வாடை முன்வரிசை வரை வந்தது. ஒரு குழந்தை அம்மாவிடம் அது என்ன என்று கேட்டது. அம்மா வாந்தி எடுத்தாள்.

நடுவர் கையைத் தன்னுடையது இல்லை என்பதுபோலத் தள்ளி நீட்டிப் பிடித்திருந்தார்.

"சார்!" என்று கர்னல் பதறி ஓடி வந்தார். உருண்டையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சார், இன்னொண்ணு உள்ளே இருக்கு சார்!"

அவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் நாயை மார்போடு அணைத்துத் தூக்கினாள். சேலை முழுக்க ஈரமாயிற்று. தம்பி ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தான்.

"வாங்க மாமா, போலாம்!"

"நீங்க முன்னால போங்க மாப்ள." கர்னல் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு இருக்கணும்னுதானே சார் போட்டிருக்கு? சொந்தமா இருக்கணும்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கழுவக் கழுவத் தண்ணீர் நிறம் மாறவே வெகுநேரம் ஆனது. மனைவி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு வந்திருந்தா வேலை இருந்திருக்காது" என்றாள் டாக்டர் கடைசியில். "இனி தேறிடும்." மிச்சமிருந்த ஒன்று எஃகுத் தட்டில் கிடந்தது. "இதை என்ன செய்ய?"

"குப்பையில போடுங்க டாக்டர்."

மஞ்சள் பைக்குள் அது சொத்தென்று விழுந்தது. அந்த நேரம் போன் அடித்தது.

"என்ன ஆச்சு?" என்றார் கர்னல்.

"பிழைச்சுக்கிச்சு."

"அதில்லைம்மா. இன்னொண்ணு?"

"குப்பையில."

நிஜமாகவே தழுதழுத்த குரலில், "ஒண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? டாக்டர்கிட்ட கேளு, ஆறினதும் புது ஜோடி..."

அவள் போனை அணைத்தாள். மேஜர் மயக்கத்தில் தலையைத் தூக்கித் தன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தலையை அவள் கையில் போட்டது.

"டேய், வீட்டுக்குப் போயி இதோட தட்டு, படுக்கை, என் துணி நாலு எடுத்துட்டு வா" என்றாள் தம்பியிடம். "நாங்க ரெண்டு பேரும் உன் வீட்டுக்கு வர்றோம்."

"அப்ப மாமா?"

"அவருக்கென்னடா, பாக்கெட்ல ஒண்ணு இருக்கில்ல. அதை வளர்க்கட்டும்."