கொள்ளாம்

தாடையில் இருந்த தழும்பு மட்டும் போவேனா என்றது. ரேஷ்மி கிரீமைத் தடவி, பஞ்சால் ஒற்றி, தள்ளி நின்று பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு மறுபடியும் தொடங்கினாள். முத்துபாய் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் உடுத்தியிருந்தது அவளுடைய சேலை இல்லை. பச்சையில் அரக்குக் கரை போட்ட அந்தப் பட்டு, போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போன அவள் அக்கா தங்கபாயுடையது. ரவிக்கையும் அக்காவுடையதுதான். முத்துபாயின் முதுகில் அது சேரவே இல்லை. கொக்கி மாட்டாமல் விட்டு, இடைவெளியைத் துவர்த்துத் துண்டால் மூடி, ஊக்கு குத்தியிருந்தாள் ரேஷ்மி.

"மூச்ச பிடிக்காதீங்க சித்தி. முகம் சிவக்குது."

"மூச்சு விட்டா ஊக்கு தெறிச்சிரும்ட்டி."

அக்கா என்பது ஒரு பேச்சுக்குத்தான். இருவரும் ஒரே பேற்றில் பிறந்தவர்கள். பெற்ற தாயே ஒருத்திக்குப் பால் கொடுத்துவிட்டு, அவளையே மறுபடியும் எடுத்து மடியில் போட்டுக்கொண்ட கதை வீட்டில் உண்டு. பட்டினி கிடந்தது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ரேஷ்மிக்கு அடுத்த வாரம் கல்யாணம். இப்போதெல்லாம் மண்டபத்தில் பெரிய திரை கட்டி, செத்துப்போன அப்பாவோ அம்மாவோ வந்து வாழ்த்துகிற மாதிரிப் படம் போடுகிறார்கள். ஸ்டுடியோக்காரன் தங்கத்தின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் கொடுத்து ஒன்று செய்துகொண்டு வந்தான். தங்கம் அதில் வரிசைப் பல் காட்டி, "அன்பு மகளே, பல்லாண்டு வாழ்க" என்றாள். பார்த்துவிட்டு ரேஷ்மி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அஞ்சுகிராமத்தில் இருந்த சித்திக்குப் போன் செய்தாள். "அது அம்ம இல்ல சித்தி. டி.வி.யில நியூஸ் வாசிக்கிற பொண்ணு அம்மைக்க முகத்த மாட்டிக்கிட்டு நிக்கிது. நீங்க இருக்கும்பம் கம்ப்யூட்டர் எதுக்கு? இஞ்ச வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க. ரேஷ்மி மோளே, விபின் கொள்ளாம். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லை ரேஷ்மிக்குக் கொடுத்ததே முத்துபாய்தான். விபின் மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ரேஷ்மி தானாகப் பார்த்துக்கொண்ட பையன். தங்கம் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான். அவன் போனதும் அம்மா வாயைத் திறப்பாள் என்று மகள் காத்திருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அதோடு சரி. காரியமெல்லாம் முடிந்த அன்று அடுக்களையில் உட்கார்ந்து, "அம்ம ஒண்ணும் பறயாமலே போச்சே சித்தி" என்று பெண் குலுங்கியபோது முத்துபாய்க்குத் தாங்கவில்லை. "எங்கிட்ட சொன்னாட்டி. பய எப்பிடின்னு போன்ல கேட்டேன். கொள்ளாம்னா" என்றாள். பொய்யில்லை. கேட்டதும் உண்மை, சொன்னதும் உண்மை. ரேஷ்மி அந்தச் சொல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதை நம்பித்தான் நிச்சயம் நடந்தது, மண்டபம் பிடித்தது, எல்லாம்.

ஆனால் அது எந்தக் கொள்ளாம்?

தங்கம் வாழ்க்கைப்பட்ட இந்த அருமனைப் பக்கத்தில் கொள்ளாம் என்றால் நல்லது. மீன்கறி கொள்ளாம், சாரி கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம். அதையே கொஞ்சம் சுருக்கிச் சொன்னால், ஏதோ சமாளிக்கலாம் என்றாகும். தலையைச் சாய்த்து இழுத்தால், நல்ல லட்சணம்தான் போ என்றாகும். தக்கலையில் பிறந்து வளர்ந்த முத்துபாய்க்கு ஒரு காலத்தில் இந்த மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கல்யாணமாகி அஞ்சுகிராமத்துக்குப் போய், புருஷனுடைய பாத்திரக்கடையில் உட்கார்ந்து, திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் காதே வேறாகிவிட்டது. அங்கே பிடித்தால் நல்லாருக்கு என்பார்கள், பிடிக்காவிட்டால் குடத்தை டொங்கென்று வைத்துவிட்டுப் போவார்கள். அன்று தங்கம் போனில் சொன்ன நேரம் கடையில் வண்டியிலிருந்து எவர்சில்வர் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம். அந்தச் சொல்லின் வால் எந்தப் பக்கம் சுழித்தது என்று அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

ஒரே முகூர்த்தத்தில், ஒரே பந்தலில்தான் இருவருக்கும் கல்யாணம். ஒரு வேன் மேற்கே போனது, ஒரு வேன் கிழக்கே போனது. "ஏட்டி, வேன் மாறி ஏறிராதீங்க" என்று கோலப்பன் மாமா சொன்னதற்குப் பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பு பிறகு எத்தனையோ நாள் முத்துபாயின் மதியத் தூக்கத்தைக் கலைத்திருக்கிறது. மாறி ஏறியிருந்தால்? இந்த மழையும் சரிவும் உள்ள வீட்டில் ஏறி இறங்கி அவள் கொடி மாதிரி மெலிந்திருப்பாளா? கடையில் உட்கார்ந்து தங்கம் பருத்து, சர்க்கரை வந்து, தலைக்கு மை பூசிக்கொண்டிருப்பாளா? தங்கம் நரையை நரையாகவே விட்டுவிட்டாள்; அதற்காகத்தான் இன்று ரேஷ்மி முத்துபாயின் தலையில் பவுடர் தூவியிருந்தாள். எதற்கும் சட்டென்று பதில் சொல்லாதவளாகவும் ஆகியிருந்தாள். முத்துபாய்க்கோ மனதில் வருவதற்கு முன்பே வாயில் வந்துவிடும். சின்ன வயதில் ஒருத்தி தொடங்குவதை மற்றவள் முடிப்பாள். பிறகு போனில், "என்னது?", "என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடைசி வருஷங்களில் அடுத்த வீட்டுக்காரியைத் தெரிகிற அளவுக்குத்தான் அக்காவைத் தெரிந்தது. முகம் ஒன்றாக இருந்ததில் வேறு யாருக்கும் இது தெரியவில்லை.

"போச்சு!" என்றாள் ரேஷ்மி. "தழும்பு போச்சு சித்தி. பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினாள். தங்கம் இருந்தாள். கன்னம் கொஞ்சம் வீங்கிய தங்கம். முத்துபாய் அந்த முகத்தில் தன்னைத் தேடினாள். அடையாளம் சொல்ல அந்தத் தழும்பு ஒன்றுதான் இருந்திருக்கிறது போல.

அந்தத் தழும்பிலும் அவளுக்கு ஒரு குழப்பம் உண்டு. பத்மநாபபுரம் கோட்டைச் சுவரில் ஏறி விளையாடியபோது விழுந்தது. மஞ்சள் பாவாடை போட்ட பெண் ஒருத்தி சறுக்கி விழுவதும், கல்லில் தாடை இடிப்பதும், ரத்தம் வழியும் முகத்தை மேலே தூக்கிப் பார்ப்பதும் முத்துபாய்க்கு இப்போது நடந்த மாதிரி நினைவிருக்கிறது. சுவரின் மேல் நின்று பார்த்த மாதிரி. மேலே நின்றவள் தங்கம் அல்லவா? ஒரு தடவை இதைச் சொன்னபோது தங்கம், "எனக்கு விழுந்ததுதான்ட்டி ஞாபகம் இருக்கு. வாயில மண்ணு கரகரன்னு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். இனிமேல் அதைக் கேட்க ஆள் இல்லை.

குமாரதாஸ் அறைக்குள் வந்தார். ரேஷ்மியின் அப்பா. பந்தல்காரனுக்குக் கொடுக்க அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்பினார். நாற்காலியைப் பார்த்தார்.

"மாத்திர தின்னியா?"

"தின்னேன்" என்றாள் முத்துபாய். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாள். கேட்டதற்குப் பதில்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். வாசல்படியைத் தாண்டியதும் செருப்பைப் போட மறந்து அப்படியே நின்றார். வெகுநேரம் திரும்பவில்லை. முத்துபாய் அவர் முதுகையே பார்த்தாள். அவர் யாரிடம் கேட்டார், யார் பதில் சொன்னது?

"ரெடி சித்தி." ரேஷ்மி போனை ஸ்டாண்டில் மாட்டினாள். "முகம் மட்டும்தான் வரும். கன்னத்த கொஞ்சம் உள்ள இழுங்க."

"ஏட்டி ரேஷ்மி..."

"அம்ம என்னைய ஏட்டின்னு விளிச்சதே இல்ல. மோளே."

"ரேஷ்மி மோளே." வாயில் வேறு யாருடைய பல்லையோ கட்டியது போல இருந்தது. "விபின் கொள்ளாம். நல்லா இருங்க."

"வேகமாட்டு சொல்லுதீங்க. குடம் விக்கிற மாதிரி."

மறுபடி சொன்னாள். "இப்பம் மந்திரி பேசுத மாதிரி இருக்கு." இன்னொரு தடவை சொன்னாள். ரேஷ்மி அதையும் அழித்தாள்.

முத்துபாய் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்து வந்தது. "நான் ஒண்ணு கேக்கட்டாட்டி? ஒருவேள ஒங்கம்மைக்கு அவன அவ்வளவா பிடிக்காம இருந்திருந்தா?"

ரேஷ்மியின் கை போனின்மேல் நின்றது. "அப்பிடி எதாம் சொல்லிச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கேன்."

ரேஷ்மி சிரித்துவிட்டாள். கண் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாம பின்ன யாருக்கு சித்தி தெரியும்? நீங்களும் அம்மையும் ஒண்ணுதானே."

ஒன்றுதானே என்று ஊரே சொல்லியிருக்கிறது. வாத்தியார்கள், அத்தைமார்கள், கோயிலில் தேங்காய் உடைப்பவர், எல்லோரும். ஒருத்தி செய்ததற்கு இன்னொருத்தி அடி வாங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் அது பெருமையாக இருந்தது. இப்போது இந்தப் பெண் தன் வாழ்க்கையையே அந்த ஒன்றுதானேவில் கொண்டுவந்து வைக்கிறாள். வேண்டாம் என்று தங்கம் நினைத்திருந்தால் தன் வயிற்றில் எங்கேயாவது அது இடறாதா? கண்ணை மூடி உள்ளே தேடிப் பார்த்தாள். கடையும், ஊக்கு குத்துகிற முதுகும், பசியும்தான் இருந்தன.

வெளியே பைக் வந்து நின்றது.

"விபின்தான். கார்டு கொண்டாந்திருப்பான்" என்றாள் ரேஷ்மி, தலையைத் திருப்பாமல். "நீங்க இஞ்ச பாருங்க. ரெக்கார்டு ஓடுது."

முத்துபாய் ஜன்னலைப் பார்த்தாள். புருஷனுக்குக் கால் ஆபரேஷன் என்று நிச்சயத்துக்கு அவள் வரவில்லை. அவனை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒல்லியான பையன். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியைச் சரிசெய்தான். கார்டு கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். முற்றத்துக் கொடியில் காலையில் அடித்த ரப்பர் ஷீட்டுகள் வெள்ளையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நழுவி மண்ணில் கிடந்தது. அவன் அதைத் தாண்டினான். இரண்டடி வைத்து நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். திரும்பிவந்து குனிந்து, இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினான். உதறினான். மண் போகவில்லை. கார்டுகள் விழாமல் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாயால் ஊதினான். போகவில்லை. விரலால் ஒவ்வொரு மண்ணாகத் தட்டினான். பிறகு அதைக் கொடியில் நேராக இழுத்துப் போட்டான். எல்லாம் முடிந்ததும், விரலில் ஒட்டியிருந்த சேற்றைப் பக்கத்தில் தொங்கிய சுத்தமான ஷீட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டான்.

"கொள்ளாம்" என்றாள் முத்துபாய்.

அவள் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. மெதுவாக, சற்றே இழுத்து, மூக்கு வழியாக.

ரேஷ்மி போனை எடுத்தாள். ஓடவிட்டாள். "கொள்ளாம்" என்றது அது. மறுபடி ஓடவிட்டாள். திரும்பவும் ஓடவிட்டாள். "இதுதான். இதுதான் சித்தி, அம்மைக்க கொள்ளாம். இத்தன நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

முத்துபாய் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். முதல் தடவை அது பிடித்துப்போன மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை, சரி இருக்கட்டும் என்பது மாதிரி. அடுத்ததில் யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள். சொன்னவள் அவள்தான். அவளுக்கே தெரியவில்லை.

"இன்னொரு மட்டம் போடுட்டி. எந்த மாதிரி சொல்லுதேன் நான்?"

ரேஷ்மிக்கு அது காதில் விழவில்லை. போனைக் கன்னத்தோடு அணைத்து வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முற்றத்தில் விபின் ஜன்னலைப் பார்த்துவிட்டான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஒரே ஒரு தடவை அவனுக்குக் காப்பி கொடுத்த பெண், அதே பச்சைச் சேலையில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு கட்டு கக்கத்திலிருந்து மெல்ல நழுவத் தொடங்கியது. கும்பிடத்தான் கையைத் தூக்கினான் போலும். ரப்பர் பால் பிசுபிசுத்த அந்த ஒற்றைக் கை பாதி தூரம் வந்து, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றது.