தனத்தின் மனு, உரிய வழியாக

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வரும் பஸ்ஸில், மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொற்கொடி டீச்சர் சொன்னது. முக்கால் மணி நேரம் விடாமல் சொன்னார். ஆர்ச் கேட் ஸ்டாப் வந்ததும் பழத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கதையின் முடிவும் அவரோடு இறங்கிப் போய்விட்டது.

போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொடக்கத்துக்கே இரண்டு தாள் கிழித்தேன்.

"கிறிஸ்தவர்கள் புனிதர்களிடம் வேண்டலாமா, கடவுளிடம் மட்டும்தான் வேண்ட வேண்டுமா என்ற கேள்வி பல நூற்றாண்டுகளாக…" [நிறுத்து. கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறாய்?]

"சுரங்கத்தின் சங்கு ஊதியது. புகை படிந்த வானத்தில்…" [நெய்வேலிக் கதை என்றால் சங்கு ஊதியே தீரவேண்டுமா? இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு நாளும் வானத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கியதில்லை.]

"கலைச்செல்வன் ஒரு மனுவைத் திருப்பி அனுப்பினார்."

இது போதும்.

2

கலைச்செல்வன் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அலுவலகக் கண்காணிப்பாளர். கம்பெனியின் பெயரைத் தேடாதீர்கள், இந்தக் கதைக்காக நேற்றுதான் நான் அதைத் தொடங்கினேன். கூட்டிப் பெருக்க, துடைக்க, புல் வெட்ட சுரங்க வளாகத்துக்குள் ஆள் அனுப்பும் கம்பெனி. உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்கு லிஸ்டில் பெயர் வேண்டும். அந்த லிஸ்ட் கலைச்செல்வன் மேஜையில்தான் டைப் ஆகும்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் ஒரே ஒரு கொள்கையை விட்டுக்கொடுத்ததில்லை. தொழிலாளி மனு எழுதினால் சூப்பர்வைசர் கையெழுத்தோடு வரவேண்டும். மேனேஜருக்கு நேராக எழுதினாலும் கவரைப் பிரிப்பவர் கலைச்செல்வன். கையெழுத்து இல்லையென்றால் இடது மூலையில் சிவப்பு மையில் மூன்று சொல் விழும்: 'உரிய வழியாக வரவும்'.

அது திங்கள் முதல் சனி வரை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். மேல்பட்டாம்பாக்கத்து லுத்தரன் குடும்பம், புராட்டஸ்டன்ட் பிரிவு. ஆராதனை முடிந்து வேதபாட வகுப்பு எடுப்பார். "கடவுளுக்கும் நமக்கும் நடுவுல எதுக்குங்க ஆளு? அப்பன்கிட்ட புள்ள நேரா கேக்கறதுக்கு சிபாரிசு வேணுமா?" என்று அவர் கேட்கும்போது பின்வரிசையில் தூங்குகிறவர்கூட விழித்து ஆமென் சொல்வார்.

[இந்த முரண் ரொம்ப வசதியாக இருக்கிறது. நானே ஜோடித்தேன் என்று நினைப்பீர்கள். மாற்றி எழுதிப் பார்த்தேன். கலைச்செல்வனை மளிகைக் கடைக்காரர் ஆக்கினேன், கதை படுத்துவிட்டது. ஆபீஸ் மனுஷன் ஆபீஸ் மனுஷனாகவே இருக்கட்டும். அவர் போன்றவரை இந்த ஊரில் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை, கிளப்பில் சீட்டாட உட்கார்ந்தால் எதிரே இருப்பார்.]

3

அவர் மனைவி பொற்கொடி டீச்சர் கத்தோலிக்கர். கல்யாணத்தின்போது பேசிக்கொண்டபடி ஞாயிறு அவரவர் கோயிலுக்கு அவரவர். சண்டை செவ்வாய்க்கிழமைதான், அது அந்தோணியாருக்கு உரிய நாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல், கையில் குழந்தை இயேசுவோடு ஒரு முழ உயரத்தில் அவர் நிற்கிறார். பொற்கொடி அதைச் சொரூபம் என்பார், கலைச்செல்வன் பொம்மை என்பார். எடுத்துவிடச் சொல்லிப் பதினைந்து வருஷமாகச் சொல்கிறார். க்வார்ட்டர்ஸ் டீச்சர் பேரில் இருக்கிறது.

"அந்தோணியார் இந்த வூட்ல பர்மனென்ட். நீங்கதான் கான்ட்ராக்ட்" என்று பொற்கொடி ஒருமுறை சொன்னதாக பிளாக் முழுக்கப் பேச்சு.

கலைச்செல்வனின் வாதம் இது: "மேனேஜிங் டைரக்டரே கதவத் தெறந்து வச்சிகினு வா வான்னு கூப்புடுறாரு. நீ வாசல்ல ப்யூன் கையப் புடிச்சிகினு நிக்கிற."

"நான் அந்தோணியாரக் கடவுள்னு கும்புடலைங்க. எனக்காக வேண்டிக்குங்கன்னு கேக்குறேன். நீங்க உங்க பாஸ்டர்கிட்ட 'எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா'ன்னு கேக்குறதில்லையா?"

"அவரு உயிரோட இருக்காரு."

"இவரும் உயிரோடதான் இருக்காரு. டிரான்ஸ்ஃபர் ஆயிருக்காரு, அவ்ளோதான்."

(குறிப்பு: கலைச்செல்வன் ஆபீஸ் பீரோ சாவியைத் தொலைத்த அன்று ஹாலில் முழங்கால் போட்டுக் கடவுளிடம் நேராகக் கேட்டார். பொற்கொடி சமையலறையில் அந்தோணியார் வழியாகக் கேட்டார், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருடைய இலாகா. சாவி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள். நான் இதில் எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் பக்கத்திலும் சிவனிடம் சொல்லவேண்டியதை நந்தியின் காதில்தான் சொல்கிறோம்.)

4

இப்போது தனம் வரவேண்டும்.

அவளை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். "கண்ணீர் மல்க, கூப்பிய கரங்களோடு…" என்று ஒரு வரி எழுதி அடித்தேன். பொற்கொடி சொன்னதில் அவள் அழவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மெழுகுவத்தியோடு வந்தாள். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரி, கிறிஸ்தவள் இல்லை. செவ்வாய் என்றால் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி, வெள்ளி என்றால் மாரியம்மனுக்கு ஒரு சூடம். யாரையும் பகைத்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை. எட்டு வருஷமாக வளாகத்துக்குள் இருக்கும் கலைச்செல்வனின் ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவள் அவள்தான்.

மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் பொற்கொடியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, சார் காதுல ஒரு வார்த்த போட்டு வைங்க. புது லிஸ்ட்ல எம் பேரு இல்ல. வூட்டுக்காருக்கு கொடலு ஆபரேசன்னு பதினெட்டு நாளு லீவு போட்டேன் இல்லீங்களா, வேலைய வுட்டு நின்னுட்டான்னு நெனச்சிகினு எடுத்துட்டாங்க. மூணு வாட்டி எழுதிக் குடுத்தேன். மூணு வாட்டியும் சேப்பு மையில எழுதித் திரும்பி வந்துடுச்சி."

"சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கலாமே?"

"அசோக்குமாரு சாரு வேற ஊரு சைட்டுக்குப் போயிட்டாரு. புதுசா வந்தவரு, 'ஒன்ன எனக்குத் தெரியாது, நான் எப்பிடிப் போடறது'ன்றாரு. சனிக்கெழமையோட பழைய பாஸு முடியுது, புது லிஸ்டும் போயிடும். வூட்டுக்காரு ஆறு மாசத்துக்கு வெயிட்டு தூக்கக் கூடாது. நானும் நின்னுட்டா வூட்ல ஒல வைக்க முடியாதுங்க."

கலைச்செல்வன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறைக்கும் ஹாலுக்கும் பத்தடி இருந்தால் அதிகம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"ஏம்மா, நான் இங்கதான குந்திகினு இருக்கேன். எங்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதான?"

தனம் சுவரோரம் நகர்ந்து நின்றாள். "பயமா இருக்குதுங்க சார்."

"நான் என்ன கடிச்சிடவா போறேன்?"

"இல்லீங்க சார், நீங்க நல்லவருதாங்க. பெரியவரு. அக்காவுக்குன்னா எம் பொண்ணு பேரு தெரியும், எத்தினாவது படிக்குதுன்னு தெரியும்."

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. வடக்குத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவைப் பிடிக்கவேண்டும்.

5

இங்கே பொற்கொடி ஒரு நல்ல வசனம் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அவர் தோசை ஊற்றிக்கொண்டே பேசியது இவ்வளவுதான்.

"நேராத்தான வந்தா. மூணு தடவ."

"அது ஆபீஸு பொற்கொடி."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதும் கலைச்செல்வன் மூன்றாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசாரியே வேண்டாம் என்கிற மனிதர், மற்ற ஆறு நாளும் தானே பூசாரியாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. சிவப்புப் பேனாவைப் பிடுங்கி வீசவேண்டும்போல் இருக்கிறது.

[ஆனால் கோபத்தோடு ஒரு பாத்திரத்தை எழுதினால் அது பொம்மை ஆகிவிடும். ஃப்ரிட்ஜ் மேல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பது கலைச்செல்வனின் கட்சி. எனவே அவர் பக்கமும் சொல்லவேண்டும்.]

அவர் கெட்டவர் இல்லை. ஒருவருக்காகப் போய்ப் பேசினால் மறுநாளே நாற்பது பேர் மெழுகுவத்தியோடு வாசலில் நிற்பார்கள் என்ற பயம். அதைவிட ஆழத்தில் இன்னொன்று. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மேனேஜர் அறைக்குள் ஃபைலோடு போயிருக்கிறார், கணக்கில்லாத தடவை. இன்னொரு மனிதருக்காக ஒரு தடவைகூடப் போனதில்லை. எப்படிப் போவது என்றே அவருக்குத் தெரியாது. கடவுளிடம் நேராகப் பேசத் தெரிந்தவருக்கு மேனேஜரிடம் வாய் வராது.

6

சனிக்கிழமை பதினொரு மணி. லிஸ்டில் நாற்பது பெயர் டைப் ஆகிவிட்டது. கலைச்செல்வன் பீரோவைத் திறந்து தனத்தின் மூன்று மனுக்களின் ஆபீஸ் நகல்களை எடுத்தார். ஒவ்வொன்றின் மூலையிலிருந்தும் அவருடைய கையெழுத்தே அவரைப் பார்த்தது, சிவப்பாக, மூன்று முறை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மேனேஜர் அறைக்கு வெளியே மேனேஜரின் உதவியாளர் சத்யா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வன் கதவைப் பார்த்தார். சத்யாவைப் பார்த்தார். பிறகு அவள் மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தன் காதுக்கே புதிதாக இருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"ஏம்மா சத்யா, இத நீயே உள்ள குடுத்து எனக்காக ஒரு வார்த்த சொல்லிடேன்."

சத்யா நிமிர்ந்து பார்த்தாள். "கதவு தெறந்துதான சார் இருக்கு. நேரா போய்ச் சொல்லுங்க."

இந்த இடத்தில் பொற்கொடி டீச்சர் பலாப்பழம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இதைக் கலைச்செல்வனே வீட்டுக்கு வந்து சொன்னாராம், ஒளிக்காமல். அதைக் கேட்டதும் அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. "அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டேன். கண்டக்டர் ஆர்ச் கேட் என்றார்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

லுத்தரன் வாசகருக்கு: கீழே துடைத்துக்கொண்டிருந்த தனம் மாப்பை ஓரமாகச் சாத்திவிட்டு, கலைச்செல்வனையும் சத்யாவையும் தாண்டி நேராக உள்ளே போய், "அய்யா, எம் பேரு தனம்" என்கிறாள். மேனேஜர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். நேராகப் போனால் போதும், பார்த்தீர்களா. [தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூன்று சிவப்பு மை வாங்கியவளை நாலாவது முறை நேராகப் போ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?]

கத்தோலிக்க வாசகருக்கு: தனம் பொற்கொடியிடம், பொற்கொடி கலைச்செல்வனிடம், கலைச்செல்வன் சத்யாவிடம், சத்யா மேனேஜரிடம். பெயர் ஏறுகிறது. அந்தோணியாருக்கு மல்லிகைச் சரம். [இத்தனை பேரில் ஒருவருக்கு அன்று காய்ச்சல் என்றால் தனத்தின் கதி?]

கேலி பிடித்தவருக்கு: பெயர் ஏறுகிறது. ஞாயிறன்று கலைச்செல்வன் தன் சர்ச்சில் எழுந்து கடவுள் கேட்டருளினார் என்று சாட்சி சொல்கிறார், பொற்கொடி தன் கோயிலில் அந்தோணியார் நவநாள் வழிபாட்டுப் பெட்டியில் நன்றிக் கடிதம் எழுதிப் போடுகிறார். வெற்றி யாருடையது என்று செவ்வாய்க்கிழமை மறுபடி சண்டை. [இதைத்தான் வைத்துக்கொள்ள இருந்தேன். திரும்பப் படித்தபோது அதில் தனத்தைத் தேடினேன். ஒரு வரியில்கூட இல்லை.]

8

ஏன் போன் செய்யவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். பெயர் ஏறவில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டால் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான். பெரிய இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே இந்தக் கதைக்குள் இன்னும் சனிக்கிழமை பதினொன்றே காலாகவே இருக்கிறது. கலைச்செல்வன் திறந்த கதவின் முன் நிற்கிறார். லிஸ்டில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே இடம் காலி.

நீங்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "உன் கதைதான, அவ பேரப் போட்டுடேன்யா, ஒனக்கு என்ன கொறஞ்சிடும்?"

தனம் உங்களைக் கேட்கச் சொல்லவில்லை. அவளுக்கு உங்களைத் தெரியாது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை உங்களுக்கும் அவளைத் தெரியாது. ஆனாலும் அவளுக்காக வந்து நடுவில் நிற்கிறீர்கள். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வேண்டுதலின் இடது மூலையில் சிவப்பு மையால் எழுதி அனுப்பவும் மனம் வரவில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. தனத்தின் பெண்ணுடைய பெயரை டீச்சர் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த நானும், என்ன பெயர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு வருஷம் கேட்காத கலைச்செல்வனை இவ்வளவு நேரமாகக் கிண்டல் செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனம் கேட்டில் வந்து நிற்பாள். அதற்குள் சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிடுங்கள். அது யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.