ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தல்

ஐந்தாவது முறையும் ட்ரிப்பர் விழுந்தது. பந்தலில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மின்விசிறிகளும் தளர்ந்து நின்றன. நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. அன்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. அதற்கு முன் விழுந்தது பதினொன்றுக்கு. அதற்கும் முன் பத்து நாற்பதுக்கு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காலை முதலில் வைத்து ஏறி, மெயின் பெட்டியின் ட்ரிப்பரைத் தூக்கிவிட்டான். எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கின. இருபது நிமிடம் ஓடும். பிறகு விழும். அது ஏன் இருபது நிமிடம் என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

துக்க வீட்டில் கரண்டு போவது பெரிய விஷயமில்லை. ஆனால் இது வயர்மேன் தர்மனின் வீடு. மாரண்டஹள்ளியில் யார் வீட்டில் ட்ரிப்பர் விழுந்தாலும் ஜனங்கள் வாயில் வரும் முதல் பெயர் அது. அந்தத் தர்மன், அன்புவின் அண்ணன், நேற்றுச் சாயங்காலம் மாரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் ஐஸ்வர்யா நான்கு மணிக்குத்தான் வருவாள். அதுவரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து வருவதாகச் சொன்ன வயர்மேன் இதோ கிளம்பிவிட்டேன் என்று காலை பத்து மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அன்புவுக்கு எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. பந்தல்காரன் ஒட்டுப் போட்ட ஒயரைக் கொடுத்திருப்பான். பெட்டிக்காரன் பழைய பெட்டியைத் தள்ளிவிட்டிருப்பான். இரண்டு பேரும் போனில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எங்களுதுல ஒண்ணுமில்லீங்க, உங்க வூட்டு லைன்லதான் இருக்கும்."

பந்தலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தர்மன் தொழிலுக்கு வயர்மேன். மனசுக்கு ஊர் ஹாக்கி டீமின் மேனேஜர். வந்தவர்களில் பாதிப் பேர் மைதானத்து ஆட்கள். எதிரில் ஆள் கிடக்கிறார் என்ற நினைப்பில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனால் மின்விசிறி நிற்கும்போதெல்லாம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"வரிசையா நாலு மேட்சு," என்றார் முனியப்பன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவர். முப்பது வருஷமாக ஒரு மேட்சையும் விட்டதில்லை. "நாலுலயும் பெனால்டி கார்னர்ல ரெண்டு ரெண்டு கோலு. டிஃபென்ஸ்ல ஓட்ட இருக்குதுன்னு பிராக்டிஸ்லயே தெரிஞ்சுபோச்சு. சரி, எவன்னு பாத்து நிரந்தரமா தூக்கணுமா இல்லியா? இவரு என்ன பண்ணாரு? மொத மேட்சுல தௌபிக்க உக்கார வெச்சாரு."

"எம் பையன ஏன் உக்கார வெச்சீங்கன்னு நேராவே கேட்டேன்," என்றார் அப்துல் ஷுக்கூர். டீமுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரர். "சும்மாதான் பாய்னாரு. சும்மா ஒருத்தன உக்கார வெப்பாங்களா?"

"அடுத்த மேட்சுல தௌபிக் உள்ள, சின்னராஜ் வெளிய. அதுக்கடுத்து சின்னராஜ் உள்ள, மாதேஷ் வெளிய. அப்பறம் மாதேஷ் உள்ள, தமிழ்மணி வெளிய. இது என்னா டீமா, தேர்த் திருவிழா ராட்டினமா?"

"சின்னராஜ் ஒரே மேட்சுல திரும்பி வந்துட்டான். தலைவரோட அக்கா மவனாச்சே," என்றார் ஷுக்கூர்.

"யோவ் பாய்!" டீமின் தலைவர் வெங்கடாசலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் ஒரு வார்த்த பேசியிருந்தா என்னக் கேளு."

பெனால்டி கார்னர் என்பது தற்காப்பவர்களுக்கு ஒரு சின்ன நரகம். மற்றவர்கள் எல்லோரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்தே ஐந்து பேர்: ஒரு கீப்பர், நான்கு டிஃபெண்டர்கள். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் டிஃபெண்டர்களில் மூன்று பேர் அடிப்பவனை நோக்கிப் பாய்வார்கள். ஒருவன் கீப்பருக்கு இடது பக்கக் கம்பத்தில் நிற்பான். அந்தக் கம்பக்காரனுக்கும் கீப்பருக்கும் நடுவே ஒன்றரை அடி இருக்கும். மாரண்டஹள்ளி வாங்கிய எட்டு கோலும் அந்த ஒன்றரை அடியில்தான் போயின. அது கம்பக்காரன் இடமா, கீப்பர் இடமா, அடிப்பவனை மறைக்காமல் விட்டவன் குற்றமா என்பதை எப்படி வேண்டுமானாலும் பேசலாம். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். டீமின் கீப்பர் அன்பு. துக்கக்காரன் என்பதாலோ என்னவோ அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

முனியப்பன் குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் ஒண்ணு பாத்தேன். சொல்லலாமான்னு தெரியல. போன வாரம் பாலக்கோட்டுல, ஓசூர் டீம் மேனேஜர்கூட இவரு டீ குடிச்சிட்டிருந்தாரு. ஞாயித்துக்கிழம நமக்கு யாருகூட மேட்சு? ஓசூர்கூட."

"அதுக்கு?" என்றார் வெங்கடாசலம்.

"என் டீக்கட இங்க இருக்கையில பஸ் ஏறிப் போயி ஒருத்தன் டீ குடிக்கிறான்னா அதுல என்னமோ இருக்குது."

"செத்தவரப் பத்தி..." என்று இழுத்தார் ஷுக்கூர்.

"நான் என்னா சொன்னேன்? பாத்தத சொன்னேன்."

அன்பு உள்ளே போய்விட்டான். காது மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. ஒரு மாதமாக அண்ணன் சரியாக இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவன் மாடிக்குப் போனால் அவர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். போனில் பேசிக்கொண்டிருந்தால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். தக்காளி மண்டியில் லோடு இறக்கும்போது அன்புவுக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் வந்தது: இவர் மேட்சை விற்கிறாரோ? வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டான். இப்போது முனியப்பன் வாயிலிருந்து அது மறுபடி வந்து நிற்கிறது. நாளைக்கு ஊரே சொல்லும். இல்லை என்று சொல்ல அவரும் இருக்க மாட்டார்.

பதினொன்று நாற்பது. ட்ரிப்பர் விழுந்தது.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிர்மலாதேவி நிமிர்ந்தாள். அழுது குரல் கட்டியிருந்தது. "அவரு இருந்திருந்தா ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்திருப்பாரு அன்பு. ஒண்ண நிறுத்துவாரு. அப்பவும் விழுந்தா அதுமேல தப்பில்லன்னு திரும்பப் போட்டுட்டு அடுத்தத நிறுத்துவாரு. எல்லார் வூட்லயும் அப்பிடித்தான்."

ட்ரிப்பர் செய்கிற வேலை எளிது. வீட்டுக்குள் போன மின்சாரம் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது துளி கசிந்தாலும் போனதும் வந்ததும் ஒத்துப்போகாது, உடனே விழுந்துவிடும். கசிகிறது என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்பு ஃபிரிட்ஜை நிறுத்தினான். இருபது நிமிடத்தில் விழுந்தது. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டு, பந்தல் மின்விசிறிகளை நிறுத்தினான். வெயிலில் உட்கார்ந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டார்கள். விழுந்தது. மின்விசிறியைப் போட்டு, மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கினான். விழுந்தது. மோட்டாரை மாட்டிவிட்டு, பந்தல் விளக்கு வரிசையைக் கழற்றினான்.

அந்த நேரத்தில்தான் வெளியே ஒரு கார் வந்து நின்றது. பெரிய ரோஜா மாலையுடன் ஓசூர் மேனேஜர் இறங்கினார். பந்தலில் பேச்சு துணியால் மூடினாற்போல நின்றது. முனியப்பன் அவரை உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தார்.

மாலையைச் சாத்திவிட்டு அவர் அன்புவிடம் வந்தார். "போன வாரங்கூட என்னைப் பாக்க வந்தாருங்க உங்க அண்ணன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. உங்க டீம்மேல பெனால்டி கார்னர் அடிக்கும்போது எங்க பசங்க எந்த இடத்தக் குறி வெக்கறாங்கன்னு."

"சொன்னீங்களா?"

"அத எப்பிடிங்க சொல்றது? மேட்சு இருக்குதே. மன்னிச்சுக்குங்க, சொல்ல முடியாதுன்னேன். கோச்சுக்கல. அப்ப குறி வெக்கறதுக்கு ஒரு எடம் இருக்குதுன்னு ஆச்சு, அது போதும்னாரு. டீ முழுசாக்கூட குடிக்கலீங்க. எழுந்து போயிட்டாரு."

பின்னாலேயே வந்து நின்ற முனியப்பன் எதுவும் கேட்காதவர்போல ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு ட்ரிப்பர் விழுந்தது. விளக்கிலும் இல்லை. அன்பு ஸ்டூலில் ஏறி நின்று விளக்கு வரிசையைத் திரும்ப மாட்டினான். ஒன்றை நிறுத்து. தப்பு அதில் இல்லையென்றால் திரும்பப் போடு. அடுத்ததை நிறுத்து. தௌபிக் வெளியே, தௌபிக் உள்ளே, சின்னராஜ் வெளியே. அவன் கை ட்ரிப்பரின் மேலேயே நின்றது. கீழே யாரோ, "என்னப்பா, ஷாக் அடிக்குதா?" என்றார்கள்.

நான்கு மேட்ச். நான்கு டிஃபெண்டர்கள். நான்கையும் நிறுத்திப் பார்த்தாயிற்று.

வீட்டிலும் ஒன்றுதான் பாக்கி. அவன் இறங்கிப் பெட்டியருகே போனான். "அண்ணி, பெட்டிய ஒரு அர மணி நேரம் நிறுத்தணும்."

"என்னடா பேசற?" என்று எழுந்தாள் அத்தை சென்னம்மாள். "பெத்த புள்ள இன்னும் மொகத்தப் பாக்கல. எத வேணா நிறுத்து, அத நிறுத்தாத."

சுற்றியிருந்த பெண்களும் முணுமுணுத்தார்கள். நிர்மலாதேவி கணவனின் முகத்தைக் கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிறுத்து," என்றாள். "அவரா இருந்தா நிறுத்தியிருப்பாரு."

இருபது நிமிடம் போனது. இருபத்தைந்து. பந்தல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பதாவது நிமிடத்தில் அன்பு பெட்டியைத் திரும்பப் போட்டுவிட்டு, அதன் அடியில் பார்ப்பதற்காக முட்டி போட்டான். இடது முட்டி தரையில் பட்டதும் மூச்சு ஒரு கணம் நின்றுபோயிற்று. காலை நீட்டி, பக்கவாட்டில் படுத்துக்கொண்டான்.

பெட்டி குளிரும்போது உள்ளே ஈரம் கட்டி நீராகிறது. அது வடிய அடியில் ஒரு ரப்பர் குழாய். குழாய் மடங்கி, தொட்டில்போல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிலில் நீர் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. அவன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அது நிறைந்ததும் ஒரே வீச்சில் வழிந்து, கீழே டேப் சுற்றியிருந்த ஒயர் இணைப்பின் மேல் கொட்டியது. ட்ரிப்பர் விழுந்தது. நீர் சரிவில் ஓடி வடிந்துபோக, இணைப்பு பழையபடி ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. தொட்டில் நிறைய ஆகிற நேரம்தான் இருபது நிமிடம்.

ஒரு வாளி கேட்டான். வேலையை முடித்துவிட்டு நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தான். நிர்மலாதேவி அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி இன்னும் வலிக்குதா?"

"இல்லீங்க அண்ணி. அது ஆடியிலயே சரியாயிருச்சு."

ஆடி மாதம் தக்காளிப் பெட்டிகள் சரிந்து முட்டியில் விழுந்தன. சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். காலில் கட்டும் பேடுக்கு அடியில் அவன் துணி இறுக்கிச் சுற்றுவது யாருக்கும் தெரியாது.

"அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு," என்றாள் அண்ணி. "நீ மாடிக்கு வரும்போது எந்தக் கால மொதல்ல வெக்கிறேன்னு பாத்து வெக்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லல. எல்லாப் படிக்கும் வலது கால்தான் வெக்கிறான்னு நானும் சொன்னேன்."

"எப்பங்க அண்ணி இது?"

"மொத மேட்சுக்கு முன்னாலயே. தௌபிக்க உக்கார வெச்சாரே, அதுக்கு முன்னால."

அன்பு வாளியைக் குழாய்க்கு நேராகத் தள்ளி வைத்தான்.

வெங்கடாசலம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "தப்பா நெனைக்காத அன்பு. மேட்ச தள்ளி வெக்க முடியாதுங்கறாங்க. நாளைக்குள்ள பேரு குடுக்கணும். அண்ணன் லிஸ்ட்டு எழுதி வெச்சிருந்தாருன்னா..."

நிர்மலாதேவி இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "ஆஸ்பத்திரியில சட்டையக் கழட்டிக் குடுத்தாங்க. பாக்கெட்டுல இருந்துச்சு."

அண்ணனின் கட்டம் கட்டமான கையெழுத்து. இரண்டிலிருந்து பதினொன்று வரை பெயர்கள். தௌபிக், சின்னராஜ், மாதேஷ், தமிழ்மணி, நான்கு பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே பெயர் இல்லை. பேனா முனையை ஊன்றி ஊன்றி எடுத்த நீலப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

எட்டிப் பார்த்த முனியப்பன், "கீப்பர் பேர மறந்துட்டாரு போல," என்றார். "அத என்னா எழுதறது, எப்பவும் நீதான்."

அன்பு வெங்கடாசலத்தின் பையிலிருந்து பேனாவை எடுத்தான். சுவரில் தாளை வைத்து, புள்ளிகளின் மேலேயே, முருகேஷ் என்று எழுதினான். இரண்டு வருஷமாக ஒரு மேட்சும் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று கீப்பர்.

வெங்கடாசலம் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தலில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டேகால் தாண்டிவிட்டது.

"கரண்டு இப்ப போகாம நிக்குதே," என்றாள் சென்னம்மாள். "எதுலடா இருந்துச்சு கோளாறு?"

"பெட்டிக்கு அடியிலதான் அத்த. குழா மடங்கிக் கெடந்துச்சு. தண்ணி அதுல சேந்து சேந்து, நெறஞ்சதும் ஒயர் மேல கொட்டுச்சு. குழாய நேராக்கி வாளியில விட்டுட்டேன். ஒயரத் தூக்கி ஸ்டூலு மேல வெச்சிட்டேன். இனி விழாது."