துவாதசிப் பாரணை

என் அம்மா செண்பகவல்லிக்கு எழுபத்தொரு வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்து பதினாறு நாளாகியிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே முறிவாக இருந்தால் பரவாயில்லை. மூன்று துண்டாகி, சேர்த்து வைத்தாலும் நழுவிக்கொண்டே இருந்தது. ஆணியும் தகடும் வைத்து முடுக்கினால்தான் அம்மா இனி நடப்பாள். அதைச் செய்யத் தெரிந்த டாக்டர் முகம்மது கனி பட்டணத்திலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார்.

இந்தத் தடவை அவர் வந்த நாள் ஏகாதசி. "ஏகாதசியன்னிக்குக் கத்தி வைக்கப்படாது" என்று அண்ணா சக்ரபாணி ஒற்றைக்காலில் நின்றான். நான் பொன்மலை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மறுநாள் காலைக்கு மாற்றி வாங்கினேன். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றார். "உபவாசம்தான் சார், சொல்லவே வேண்டாம்" என்று பெருமையடித்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் எட்டரை மணிக்கு டாக்டர் நாடி பிடித்துக்கொண்டே, "ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாரணை ஆயிடுத்து" என்றாள் அம்மா.

ஏகாதசிப் பட்டினியைத் துவாதசி விடிந்ததும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்; அதுதான் பாரணை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது மறந்துபோயிற்று. அண்ணாவுக்கு மறக்கவில்லை. நர்ஸிடம் கோயில் தீர்த்தம் என்று சொல்லித் தூக்குப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய், அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் சாதமுமாக ஊட்டிவிட்டிருந்தான்.

"இப்ப மயக்கம் கொடுத்தா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். சாயங்காலம்வரை காத்திருக்க அவரால் முடியாது. மதுரையில் ஒரு ஆபரேஷன் காத்திருந்தது. "அடுத்த மாசம் எலும்பு கோணலா கூடிப் போயிருக்கும். பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலா'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வராந்தாவில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு உத்தரணிக் கரண்டி துளசி தீர்த்தத்தோட முடிச்சிருக்கலாமே. சாஸ்திரத்துல இடம் இருக்கோன்னோ?"

"அது ஆபத்துக்கு" என்றான்.

"இது என்ன, கல்யாணமா?"

அவன் தூக்கை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே போனேன். நர்ஸ் மறுபடி எடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனைத் திட்டாதேடா, வீரராகவா. நான்தான் தளிகை பண்ணிக் கொண்டுவரச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"சாப்பிடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மயக்கம் குடுத்தா நான் முழிச்சுப்பேனோ மாட்டேனோ. விரதத்தைப் பாதியில விட்டுட்டா போறது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா?"

"நீ எல்லாத்தையும் டாக்டர்கிட்டன்னாடா கேட்டுண்டிருந்தே" என்றாள்.