குட்டியின் முட்டி

அரைக்கால் சட்டையோடு, உடம்பெல்லாம் கோலிக்குண்டு அளவுப் பளபளப்புப் பந்துகளை ஒட்டிக்கொண்டு நிற்கிற மனிதனுக்குக் கௌரவம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. தலை நரைக்கும்வரை பேருந்து ஓட்டியவருக்கு அது அன்றுதான் புரிந்தது. எதிர்ச்சுவரில் கண்ணாடி வேறு வைத்திருந்தார்கள்.

"கையை ஆட்டாதீங்க சார், பந்து விழுந்துடும்" என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண். இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூட்டு இருக்கிற இடமாகத் தேடிப் பந்து ஒட்டுவதுதான் அவள் வேலை. "மேல இருக்கிற கேமராக்களுக்கு உங்க மூஞ்சி தெரியாது. பந்து மட்டும்தான் தெரியும். நீங்க நடந்தா அது கம்ப்யூட்டர்ல குச்சி மனுஷனா நடக்கும். உள்ளே முட்டி எப்படி மடங்குதுன்னு பார்த்துட்டுதான் டாக்டர் கத்தி வைப்பார்."

கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டுநரின் இடது முட்டி வீணாகிப்போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே உயரத்தில், முட்டி நன்றாக இருக்கிற ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவர் மனைவி உடனே தன் தம்பியை அனுப்பிவைத்தாள். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அவன். ஆனாலும் வீட்டில் பெயர் குட்டி. வீடு மாற்றுகிறவர்களுக்குப் பீரோ, கட்டில் சுமந்து மாடியேற்றுவது அவன் பிழைப்பு. தன் உடம்பை அவன் வாடகை வண்டி மாதிரி நடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் ஓட்டுநருக்கு எரிச்சலாக வரும்.

"மாமா, அந்தக் கண்ணாடியைப் பாருங்களேன். ரெண்டு பேரும் கடை திறப்பு விழாவுக்கு ஜோடிச்ச மரம் மாதிரி இருக்கோம்."

"வாயை மூடிட்டு நட."

ஒவ்வொருவராக நடக்க வைப்பதுதான் முறை. அன்று அந்தப் பெண்ணுக்குப் பசி. இருவரையும் அறையின் இரு கோடியில் நிறுத்தி, ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாக நடக்கச் சொன்னாள். நடு அறையில் தோளோடு தோள் உரசிக் கடந்தார்கள். திரையில் இரண்டு குச்சி மனிதர்கள் ஒரு கணம் பின்னிக்கொண்டு பிரிந்தார்கள். அவள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

படியிறங்கும்போது ஓட்டுநர் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தார், கைப்பிடிக் கம்பியை அவர் பிடிக்கவே இல்லை. இடது கால் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வலி இருந்த இடத்தில் துடைத்து வைத்ததுபோல ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தார். குட்டி மேல்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"என்னடா?"

"தெரியல மாமா. முட்டிக்குள்ள யாரோ மணலை அள்ளிப் போட்டுத் திருகுற மாதிரி இருக்கு."

ஊரில் உள்ள எல்லா மருத்துவர்களிடமும் இவர் சொன்ன அதே வார்த்தைகள். மணல், திருகல் இரண்டும் இருந்தன. ஓட்டுநருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் அவர் செய்தது என்னவென்றால், "பந்தை இழுத்துப் பிச்சதுல பிடிச்சிருக்கும், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கியதுதான்.

அதன்பின் வந்த நாட்களில் அவர் காரணமில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறினார். பேருந்துக்காகக் காத்து நிற்கையில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். படுக்கப் போகுமுன் அந்த முட்டிக்கு எண்ணெய் தடவினார். மேசை விளிம்பு பக்கத்தில் வந்தால் கையால் அதை மறைத்துக்கொண்டு நடந்தார். சொந்த முட்டியை அவர் ஒருநாளும் இப்படித் தாங்கியதில்லை.

குட்டி அக்கா வீட்டுக் கூடத்து நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தான். ஒரு வீட்டு மாடிப்படியில் அலமாரியைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டானாம். அலமாரியையும் அவனையும் சேர்த்து இறக்க நான்கு பேர் வந்தார்களாம். திங்கட்கிழமை நல்ல காலோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஓட்டுநரின் சட்டைப் பொத்தான் கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை எடுத்தார். நிமிர்ந்தபோது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அதே நேரம் கூடத்திலிருந்து "அம்ம்மாடீ" என்று ஒரு குரல் வந்தது. அது குட்டியின் குரல், ஆனால் ராகம் ஓட்டுநருடையது. காலம் காலமாக அந்த ராகத்தைக் கேட்டுக் காது புளித்தவள் அவள்.

"என்னங்க, அது என் தம்பி முட்டிதானே?"

"எது?"

"நீங்க மடக்கி உக்காந்திருக்கிறது."

அவர் மெதுவாக எழுந்தார். "நானா போய் எடுத்தேன்? தானா வந்துச்சு."

"வழியில கிடந்த பணப்பையா அது, தூசி தட்டி வச்சுக்க?"

"ஆபரேஷன்தான் பண்றாங்களே, அவனுக்குப் பண்ணிட்டா என்ன? சின்ன வயசு. சீக்கிரம் ஆறிடும்."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அறைக்குள்ளேயே நின்றது, போகவில்லை. மனைவி அவருடைய அரைக்கால் சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் விஷயத்தைக் கேட்டு, செருப்பு மாறிப்போனதைக் கேட்பவள் போலத் தலையாட்டினாள். "ரெண்டு பேர் ரொம்ப நெருங்கிப் போனா பந்து குழம்பிடும் சார். எது யார் முட்டின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வழக்கமா நான் உக்காந்து திருத்திடுவேன். அன்னைக்குத் திருத்தாம சேமிச்சுட்டேன் போல. உடம்பு அதையே உண்மைன்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப இப்பத் திருத்தும்மா" என்றாள் மனைவி.

"டாக்டருக்கு அனுப்பினதைத் தொட முடியாதுக்கா. அதே மாதிரி மறுபடி நடக்கட்டும், மறுபடி குழம்பட்டும். திருத்தாம சேமிச்சுடறேன்."

நடந்தார்கள். குழம்பவில்லை. மறுபடி நடந்தார்கள். குட்டி காலை இழுத்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அப்போதும் குச்சி மனிதர்கள் கண்ணியமாக ஒருவரையொருவர் கடந்து போனார்கள். ஓட்டுநர் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, "நாம என்ன பண்ண முடியும்" என்றார்.

அந்தப் பெண் திரையைத் திருப்பி, மேலிருந்து பார்க்கிற மாதிரிப் படத்தைக் காட்டினாள். "நீங்கதான் விலகறீங்க சார். பாருங்க."

"பஸ் ஓட்டுறவன்மா நான். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கித்தான் பழக்கம்."

"போன தடவை ஒதுங்கலையே" என்றாள் மனைவி.

"நீங்க முழுசா ஒதுங்கலை சார்" என்று அந்தப் பெண் திரையில் விரல் வைத்தாள். "தலை நேரா வருது. தோள் நேரா வருது. இடுப்பும் அப்படித்தான். இந்த முட்டி மட்டும் பக்கத்துல வந்ததும் உள்பக்கமா ஒளியுது."

எல்லோரும் பார்த்தார்கள். ஒளிந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினாள். நெஞ்சு நிமிர்த்தி வருகிற ஒரு குச்சி மனிதன், அவனுக்கே தெரியாமல் ஒரே ஒரு முட்டியை, பிடுங்கிக்கொள்வார்களோ என்று பண்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற குழந்தைபோல மறைத்துக்கொண்டிருந்தான். ஓட்டுநருக்குக் காது சுட்டது. வாயால் சொன்ன பொய்யென்றால் வேறு பொய் சொல்லிச் சமாளிக்கலாம்.

குட்டி தரையில் உட்கார்ந்து சிரித்தான். "விடுக்கா. மாமா என்ன வேணும்னா பண்றாரு? எனக்கே இப்படின்னா, இந்தக் காலை வச்சு அவ்ளோ பெரிய பஸ்ஸை எப்படித்தான் ஓட்டினாரோ! நான் வேற ஏதாவது உக்காந்து பார்க்கிற வேலையாப் பார்த்துக்கறேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஓட்டுநர் தாங்கியிருப்பார். அவன் நிஜமாகவே வியந்து சொன்னான். இந்த வலியோடு அவர் எப்படி ஓட்டினார் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டவன் இப்போது அதே வலியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

ஓட்டுநர் கடைசியாக ஒருமுறை இடது காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"எழுந்திரு மாப்ள. அந்தக் கோடிக்குப் போ. நேரா என் மேல வந்து மோது."

"மோதணுமா?"

"இந்த முட்டி சொன்னாக் கேக்காது. நீ கெட்டியாப் பிடிச்சுக்கணும். நான் ஓடப் பார்த்தாலும் விடாத."

குட்டி நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். இவரும் ஓடினார். நடு அறையில் இரண்டு அரைக்கால் சட்டைகளும் பொத்தென்று மோதிக்கொண்டன. முட்டி வழக்கம்போல உள்பக்கம் பதுங்கியது. குட்டி தன் காலை அதைச் சுற்றிப் போட்டு இறுக்கினான். இருவரும் ஆளுக்காள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தள்ளாடினார்கள்.

"அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று அந்தப் பெண் கத்தினாள். திரையில் நான்கு காலும் இரண்டு தலையுமாக ஒரே ஒரு குச்சிப் பிராணி நின்றது. "கம்ப்யூட்டர் யோசிக்குது."

கம்ப்யூட்டர் யோசிக்கும்வரை அவர்கள் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். மச்சான் இத்தனை சூடான உடம்புக்காரன் என்று ஓட்டுநருக்குத் தெரியாது.

"மாமா, மூச்சு முட்டுது."

"நான் என்ன நல்லாவா இருக்கேன்? பேசாம நில்லு."

முதலில் ஒரு துணுக்கு மணல் வந்தது. அப்புறம் ஒரு பிடி. பிறகு மிச்சம் மொத்தமும் வந்து, தன் பழைய இடத்தை அடையாளம் கண்டு உட்கார்ந்துகொண்டது. ஓட்டுநர் "அம்ம்மாடீ" என்றார். மனைவி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, "சேமிச்சுக்கம்மா" என்றாள்.

குட்டி விலகி நின்று காலை உதறினான். நம்பமுடியாமல் ஒருமுறை குதித்தான். குதித்த குதிப்பில் உடம்பிலிருந்த பந்துகள் நாலாபக்கமும் தெறித்தன. நீள நாற்காலியை ஒரே தாவில் தாண்டினான், திரும்பி மறுபடியும் தாண்டினான்.

மனைவியின் தோளில் கை போட்டு ஒற்றைக் காலில் நின்றிருந்த ஓட்டுநருக்கு ஒவ்வொரு தாவலுக்கும் உள்ளே பகீரென்றது.

"டேய், மெதுவாடா!" என்று கத்தினார். "ஒரு இடத்துல இடிக்காம, கண்ணுல வச்சுப் பார்த்துக்கிட்ட முட்டிடா அது!"